சொவாஜ்: பாராட்டும் முகச்சுளிப்பும்

டியோர் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சொவாஜ் என்ற ஆண்கள் சென்ட்டைப் பற்றி 'பரவாயில்லை' என்று சொல்பவர் குறைவு. அடித்துக்கொண்டு அலுவலகம் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் நின்று பெயரைக் கேட்கிறார் என்று பூரிக்கிறவர்கள் ஒருபுறம். மூக்கில் குத்துகிறது, தகரத்தைச் சுரண்டியது போலிருக்கிறது, மின்தூக்கியில் ஏறினால் முன்பு இறங்கியவரின் வாசனை இன்னும் அங்கேயே நிற்கிறது என்று எரிச்சல்படுகிறவர்கள் மறுபுறம். விற்பனைக்கு இந்தச் சண்டையால் சேதமில்லை. 2021-இல் பெண்களுக்கான சென்ட்டுகளையும் சேர்த்து உலகில் முதலிடம் சொவாஜுக்குத்தான் என்று தாய் நிறுவனமான எல்விஎம்எச் அறிவித்தது.

குறை சொல்பவர்கள் எடுத்தவுடன் வைக்கும் குற்றச்சாட்டு, 'இது முழுக்க செயற்கை' என்பது. அதை அப்படியே ஏற்க முடியாது.

இதே நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஓ சொவாஜை எடுத்துக்கொள்வோம். பெயரில் உறவு உண்டே தவிர வாசனையில் இரண்டும் வேறு. எலுமிச்சைக் குளிர்ச்சியும் மூலிகைப் பசுமையும் கலந்த ஓ சொவாஜ்தான் உண்மையான இயற்கை மணம் என்று பழைய ரசிகர்கள் பலர் நம்புகிறார்கள். ஆனால் அதை உருவாக்கிய எட்மோன் ருட்னிட்ஸ்கா அதில் துணிந்து பயன்படுத்தியது ஹெடியோன் என்ற ஆய்வுக்கூடப் பொருளை. ஃபிர்மெனிக் நிறுவனத்தின் வேதியியலாளர் எத்வார் தெமோல், நாம் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் அழைக்கும் பூவின் சாரத்தை ஆராய்ந்தபோது கிடைத்த தடயத்திலிருந்து அது பிறந்தது. ஓ சொவாஜின் காற்றோட்டமான மென்மைக்குக் காரணம் அந்தச் செயற்கைப் பொருள்தான். ஆக, ஆய்வுக்கூடம் என்பதற்காக ஒன்றைத் தள்ளிவைப்பதானால் அதையும் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

புதிய சொவாஜைச் சமைத்தவர் ஃபிரான்சுவா தெமஷி. தொடக்கத்தில் இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியில் விளையும் பெர்கமாட் பழத்தின் புளிப்பும் மிளகின் காரமும் எழும்பும். அவை அடங்கியபின் நெடுநேரம் தங்குவது அம்ப்ராக்ஸன். பாராட்டு, வசை இரண்டுக்கும் முதல் காரணம் இந்தப் பொருள்தான்.

அதன் வேர் கடலில் இருக்கிறது. தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரங்களில் 'திமிங்கல உமிழ்நீர்' பிடிபட்டது என்ற செய்தியைத் தமிழ் வாசகர்கள் அடிக்கடி பார்த்திருப்பார்கள். அது உமிழ்நீர் அல்ல. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ். அந்தத் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், இந்தியாவில் அதன் அம்பர்கிரிஸை வாங்குவதும் விற்பதும் குற்றம். அந்தப் பொருளின் மணத்துக்கு உயிரான மூலக்கூறைத்தான் அம்ப்ராக்ஸன் என்ற பெயரில் கிளாரி சேஜ் என்னும் மூலிகைச் செடியின் சாரத்திலிருந்து தயாரிக்கிறார்கள். கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் இப்போது செய்ய முடிகிறது. கள்ளச்சந்தையில் கைமாறும் ஒன்றுக்கு இப்படி எளிய மாற்று கிடைத்தது ஆய்வுக்கூடத்தின் சாதனை. இதைக் குறையாகக் கணக்கெழுதுவது நியாயமில்லை.

நீடிப்பு என்ற சிக்கலுக்கும் விடை தந்தது இதே வேதியியல்தான். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709-இல் தொடங்கப்பட்ட ஃபரினா குடும்பக் கடையின் கொலோன் நீர் எலுமிச்சை இனப் பழங்களின் எண்ணெயை நம்பியது. அந்த எண்ணெய்கள் சீக்கிரமே ஆவியாகிவிடும். காலையில் பூசினால் பகல் உணவுக்கு முன்பே காணாமல் போகும்.  அந்த இடத்தை நிரப்பியது டைஹைட்ரோமிர்செனால். பைன் மரத்தின் டர்பன்டைனிலிருந்து தொடங்கும் இந்தப் பொருளை 1982-இல் டிராக்கர் நுவாரும், 1988-இல் பியேர் பூர்தோன் உருவாக்கிய டேவிடாஃப் கூல் வாட்டரும் தாராளமாகப் பயன்படுத்தின. ஆண்களின் 'ஃப்ரெஷ்' வாசனை என்றால் இன்று மனதில் எழும் உருவம் அந்த ஆண்டுகளில் வார்க்கப்பட்டதுதான்.

ஆனால் அதே பொருள் துணி துவைக்கும் தூளிலும் குளியல் சோப்பிலும் சேர்ந்தது. விலை மலிவு; கார நுரையிலும் கெடாது. இத்தனை விலை கொடுத்தும் சலவைக்கடை வாசனைதான் வருகிறது என்று இந்த வகைச் சென்ட்டுகளைப் பூசுபவர்கள் குறைப்படுவது வெறும் கேலி அல்ல என்பதை இதிலிருந்து உணரலாம். அலுவலகத்தில் யாருக்கும் உறுத்தாத சுத்த உணர்வைத் தருவதும் அந்தச் சலவை வாசனையின் பரிச்சயம்தான். ஒருவருக்கு நிம்மதி தரும் அடையாளம் இன்னொருவருக்குச் சலிப்பாகிறது.

உண்மையான குறைகளில் முதலாவது, அளவு. அம்ப்ராக்ஸன் போன்ற மெதுவாக ஆவியாகும் மூலக்கூறுகளை எல்லா மூக்கும் ஒரே மாதிரி அறிவதில்லை. சிலருக்கு அது மங்கலாகத் தெரியும். சிலருக்கு ஊசியாகக் குத்தும். போதாததற்கு, பூசியவரின் மூக்கு சற்று நேரத்தில் தன் வாசனைக்குப் பழகிவிடுகிறது. வாசனை போய்விட்டதென்று எண்ணி அவர் மறுபடி நாலு தடவை அழுத்துகிறார். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைவலி வருகிறது. சென்னைப் புழுக்கத்தில், வெப்பம் ஆவியாதலை விரைவுபடுத்துவதால், இது இன்னும் கூடும். எட்டு மணி நேரம் நிற்கிறது என்று ஒருவர் மெச்சுவதும், எட்டு மணி நேரம் தப்பிக்க முடியவில்லை என்று இன்னொருவர் சலிப்பதும் ஒரே பண்பைப் பற்றித்தான்.

இரண்டாவது குறை, எல்லாம் ஒரே மாதிரி இருப்பது. ஷனேலின் ப்ளூ த ஷனேல் 2010-இலேயே வந்துவிட்டது. சொவாஜுக்குப் பின் 2016-இல் வெர்சாச்சேயின் டிலன் ப்ளூ, 2017-இல் ஈவ் சான் லொரானின் ஒய் என்று அதே திசையில் வரிசை நீண்டது. பெரும்பாலும் நீலப் புட்டி, பழப் புளிப்பான தொடக்கம், அம்பர் வகை முடிவு. வாசனைக்குப் பதிப்புரிமை இல்லை என்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்திருப்பதால் நகல்களுக்கும் பெரிய தடையில்லை. கடை அலமாரியில் இருபது புட்டிகள் இருந்தும், கண்ணை மூடி முகர்ந்தால் நாலைந்துதான் தேறும்.

உடல்நலம் பற்றிய அச்சத்தில் மட்டும் இரு தரப்பும் தடுமாறுகின்றன. லிலியால் என்ற செயற்கைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடை செய்தது உண்மை. ஆனால் இயற்கையான பெர்கமாட் எண்ணெயில் உள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். அதனால்தான் அதை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். புட்டியில் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலை ஒன்றியம் 2023-இல் 80-க்கும் மேலாக நீட்டியது. அதில் தாவரங்களில் இயல்பாகவே இருப்பவை நிறைய.

மொத்தத்தில் சொவாஜ் திறமையான தயாரிப்பு. துணிச்சலான படைப்பு அல்ல. நீடிப்பிலும் எங்கும் பொருந்துவதிலும் அதை மிஞ்சுவது கடினம். நுட்பத்திலும் தனித்தன்மையிலும் அதன் 1966-ஆம் ஆண்டு மூத்த உறவுக்காரரே மேல். வாங்க நினைப்பவர்கள் கடைக்காரர் நீட்டும் காகிதத் துண்டை முகர்ந்து முடிவெடுக்க வேண்டாம். அதில் தெரிவது முதல் பத்து நிமிடம்தான். மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டு வெளியே சுற்றிவிட்டு, மாலையில் வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.