ஓடுகிற யந்திரத்தைத் தொடலாமா?

"ஓடுகிற யந்திரத்தை நோண்டாதே" என்பது தொழிற்சாலைகளின் பழைய உபதேசம். "புதுப்பிப்பு வந்தால் உடனே ஏற்றிவிடு" என்பது கணிப்பொறி யுகத்தின் புதிய உபதேசம். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலில் இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது சரி? இரண்டையும் உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

தோலுக்கும் கணிப்பொறிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, எதுவும் சதுரமாக இருப்பதில்லை. ஆகவே அதன் பரப்பை மின்னணு யந்திரம் அளந்து சொல்கிறது. காலணியின் மேற்பகுதியை வரையவும், துண்டு வீணாகாமல் தோலை வெட்டவும் கணிப்பொறி துணை செய்கிறது. இத்தகைய யந்திரங்கள் பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றை நடத்தும் மென்பொருளுக்கோ அவ்வளவு ஆயுள் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10 2025 அக்டோபர் 14-லும் தயாரிப்பாளரின் வழக்கமான ஆதரவை இழந்தன. யந்திரம் திடமாக இருக்கிறது. அதன் மூளைக்கு மட்டும் வைத்தியர் இல்லை. சிக்கலின் வேர் இதுதான்.

முதலில் பழைய உபதேசத்தைப் பார்ப்போம். 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணிப்பொறிகள் அகப்பட்டன. பிரிட்டனின் மருத்துவமனைகள் திணறின. வேலூருக்கு அடுத்த சித்தூர் மாவட்டத்திலும் காவல்துறைக் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. ஒரே வலையில் இணைந்த கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் பகுதியில் ஒரு குறை இருந்தது. அதன் வழியே, எவரும் எதையும் தொடாமலே, நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது.

பழைய எக்ஸ்பிதான் பலியானது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. உண்மை வேறு. நோய் கண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் தேதியே இலவசமாக வெளியிட்டிருந்தது. மருந்து கையில் இருந்தும் 59 நாட்கள் உட்கொள்ளாததே வினை! அதோடும் முடியவில்லை. 2018 ஆகஸ்டில், தைவானின் புகழ்பெற்ற சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலைகளுக்குள் இதே நோயின் ஒரு வகை புகுந்து உற்பத்தியை நிறுத்தியது. புதிதாக நிறுவிய ஒரு யந்திரத்துடன் அது உள்ளே வந்தது. திருத்தம் பெறாத விண்டோஸ் 7 யந்திரங்களில் பரவியது. அவையும் அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த யந்திரங்களே.

அப்படியானால் புதிய உபதேசம் வென்றதா? அவசரம் வேண்டாம். 'டிரைவர்' என்பது கணிப்பொறிக்கும் அதனுடன் இணைத்த கருவிக்கும் இடையே நிற்கும் துபாஷி. அளவியின் பேச்சைக் கணிப்பொறிக்கும், கணிப்பொறியின் கட்டளையை அச்சு யந்திரத்துக்கும் அதுவே மொழிபெயர்க்கிறது. எஃப்டிடிஐ என்னும் ஸ்காட்லாந்து நிறுவனத்தின் சிப், இத்தகைய கருவிகளை இணைக்கும் வடங்களில் பரவலாக உண்டு. 2014 அக்டோபரில் அதன் புதிய டிரைவர் விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகவே வந்தது. போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. கணிப்பொறி அதன்பின் அந்தக் கருவியை அடையாளம் காணவில்லை. தான் வாங்கிய வடத்தில் இருப்பது போலி என்று பயனாளிக்கு எப்படித் தெரியும்? எதிர்ப்பு எழுந்ததும் டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

2024 ஜூலை 19 இன்னும் பெரிய பாடம். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், டிரைவரைப் போல விண்டோசின் அடி ஆழத்தில் இயங்குவது. அதற்கு அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆக, இரண்டு உபதேசங்களும் அரைகுறையானவை. இரண்டுமே சிந்திக்கும் வேலையைத் தவிர்க்கச் சொல்லித் தருகின்றன. கேட்க வேண்டிய கேள்வி "இது புதியதா?" என்பதன்று, "இது எதற்காக?" என்பதே. திறந்து கிடக்கும் கதவை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தமா? தள்ளிப் போடலாகாது. ஆனால் முதலில் ஒரு கணிப்பொறியில் ஏற்றிச் சோதித்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்குச் செல்வது விவேகம். டிரைவரா? கருவியில் கோளாறு இருந்தால், பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டால், அடிப்படை மென்பொருள் மாறினால் மட்டும், கருவியைச் செய்தவரிடமிருந்தே பெறுக. வெறும் அலங்காரமா? காத்திருக்கலாம்.

"உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன" என்று சிவப்பெழுத்தில் மிரட்டிப் பணம் கேட்கும் நிரல்கள் உண்டு. தேதி பழையது என்பது குறையாகாது. நன்றாக அளக்கும் அளவியின் துபாஷியைத் தேதிக்காக மாற்றினால், வேகம் கூடப்போவதில்லை. வேலை நின்றுபோகும் அபாயம் மட்டும் கூடும்.

புதுப்பிக்கவே முடியாத பழைய யந்திரத்தை என்ன செய்வது? அதை இணையத்திலிருந்தும் அலுவலகக் கணிப்பொறிகளிலிருந்தும் பிரித்து வையுங்கள். அதில் செருகும் பென்டிரைவை முன்னதாகச் சோதியுங்கள். அதன் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.

குற்றம் முழுவதையும் பயனாளி தலையில் சுமத்துவதும் நியாயமன்று. பாதுகாப்புத் திருத்தத்தையும் அலங்கார மாற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும் மென்பொருள் நிறுவனங்களும், யந்திரத்தை விற்றபின் புதிய கணிப்பொறிக்கு ஏற்ற டிரைவர் தர மறுக்கும் தயாரிப்பாளர்களும் பொறுப்பேற்க வேண்டும். யந்திரம் வாங்கும்போதே "எத்தனை ஆண்டுகள் டிரைவர் தருவீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நம் தொழில் முனைவோருக்கு நல்லது. கப்பலுக்கு நாள் குறித்த சரக்கு தேங்கினால் நட்டம் முதலாளியோடு நிற்பதில்லை. அன்றாடக் கூலியை நம்பி வரும் தொழிலாளியின் வீட்டு அடுப்பையும் அது தொடும்.