ஆட்டோக்காரர் மகள் என்றால் போதுமா? கேரம் வீரர்களை நாம் எழுதும் விதம் பற்றி

2025 ஜனவரி 3. லண்டனில் 17 வயதுப் பையன் லூக் லிட்லர், டார்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் மைக்கேல் வான் கெர்வனை 7-3 என்று ஜெயித்தான். பரிசு 5 லட்சம் பவுண்டு. அதற்கு இரண்டு மாசம் முன்னாடி, 2024 நவம்பரில், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னைப் பொண்ணு காசிமா மூன்று தங்கம் வாங்கினார்: தனிநபர், இரட்டையர், குழு. அவருக்கும் வயது 17.

இரண்டு பேரும் கையை நடுங்க விடாமல் ஒரு சின்ன இலக்கை அடிக்கிறவர்கள். இந்த இரண்டு பேரைப் பற்றியும் எனக்கு என்ன தெரியும் என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

லிட்லர்: 2023 டிசம்பரில் உலக சாம்பியன்ஷிப்பில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே சராசரி 106.12. அதாவது மூன்று அம்பு எறிந்தால் சராசரியாக 106 புள்ளி. 501-ல் ஆரம்பித்து சரியாக சைபருக்குக் கொண்டுவர குறைந்தது 9 அம்பு வேண்டும். அப்படி ஒரு பிழையும் இல்லாமல் முடித்தால் சராசரி 167. எனவே 106 எவ்வளவு பெரிசு என்று டார்ட்ஸ் பலகையைத் தொட்டே பார்க்காத எனக்கும் புரிகிறது. அவன் கபாப் தின்றது கூட செய்தியில் வந்தது. ஆனால் சராசரிக்குப் பக்கத்தில்தான் வந்தது.

காசிமா: அப்பா ஆட்டோ ஓட்டுநர். தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது.

அவ்வளவுதான். அவர் பிரேக் அடித்தால் முதல் கையிலேயே எத்தனை காயின் போடுவார்? ரெட் போட்டபிறகு ஃபாலோ தவறுகிற பழக்கம் உண்டா? கட் ஷாட்டில் பலமா, பேக் ஷாட்டிலா? எனக்குத் தெரியவில்லை. நான் படித்த தமிழ்ச் செய்தி எதிலும் இல்லை. மூன்று உலகத் தங்கம் வாங்கிய ஒருவரின் ஆட்டத்தைப் பற்றி, ஆட்டத்தைப் பற்றி மட்டும், ஒரு வரி கூட எழுத முடியாத நிலையில் நான் இருக்கிறேன்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. 'ஆட்டோ ஓட்டுநர் மகள் உலக சாம்பியன்' என்று வந்ததை வாட்ஸப்பில் நாலு குரூப்புக்கு அனுப்பியவன்தான் நானும்.

ஒரு எதிர்வாதம் உடனே வரும். "அந்தக் கதையாலதானே அரசாங்கம் கவனிச்சுது, 1 கோடி வந்துச்சு?" உண்மைதான், அதை மறுக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவர் எப்படிப்பட்ட சிரமத்தில் ஆடினார் என்பதும் முக்கியமான செய்திதான். என் பிரச்சினை வேறு. அந்தக் கதை ஜெயித்த நாளில் ஒரு தடவைதான் பலிக்கும். அடுத்த வருஷம் அரையிறுதியில் தோற்றால், அதே அப்பா அதே ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்தாலும் செய்தி இல்லை.

எங்க ஊர்ப்பக்கமே ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்கிறார். சின்னப்பம்பட்டி நடராஜன். அவரைப் பற்றியும் ஏழைக் குடும்பத்துக் கதை நிறைய வந்தது. ஆனால் அவர் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு இருக்கிறது. யார்க்கர் எத்தனை விழுந்தது, கடைசி ஓவர்களில் எவ்வளவு ரன் கொடுத்தார் என்று எடுத்துவைத்து, "இவரை எடுத்திருக்கணும்", "எடுத்திருக்கக் கூடாது" என்று டீக்கடையில் சண்டை போடலாம். வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டி மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டம் ஒன்றே ஒன்று ஆடிய பையனுக்குக் கூட பந்து வாரியாகப் பதிவு உண்டு. உலக சாம்பியனுக்கு இல்லை!

விமர்சிக்க முடிவதும் ஒரு மரியாதைதான். கணக்கு இல்லாத ஆட்டக்காரரைப் பாராட்டலாம், பரிதாபப்படலாம். விமர்சிக்க முடியாது.

இது இன்றைக்கு வந்த குறையும் இல்லை. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் உருவானதே சென்னையில்தான். சென்னைக்காரர் மரிய இருதயம் 1991, 1995 என்று இரண்டு முறை உலக சாம்பியன். 9 முறை தேசிய சாம்பியன். 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். இப்படி ஒரு வாழ்க்கைக்கு நம்மிடம் இருப்பது பட்டங்களின் பட்டியல் மட்டும்தான். அவர் எந்த வருஷம் உச்சத்தில் இருந்தார், எப்போது கை தளர ஆரம்பித்தது என்று பட்டியல் சொல்லாது. 2008-ல் உலக சாம்பியன் ஆன வியாசர்பாடி இளவழகிக்கும் இதே கதிதான்.

கேரமில் அளக்க முடியாதா என்ன? 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு ரெட். 25 புள்ளி அல்லது 8 போர்டு முடிந்தால் ஒரு கேம். பிரேக் அடித்தவர் முதல் கையிலேயே ரெட்டும் சேர்த்து எல்லாம் போட்டால் ஒயிட் ஸ்லாம். எதிராளி பிரேக் அடித்தபிறகு தன் முதல் கையில் அதையே செய்தால் பிளாக் ஸ்லாம். ஸ்லாம் என்பது நம் ஆட்டத்தின் 9 அம்பு. நடுவர்கள் தாளில் போர்டு வாரியாகப் புள்ளி எழுதத்தான் செய்கிறார்கள். அது வாசகனிடம் வந்து சேர்வதில்லை.

ப்ரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் 'ஆப் செய்யலாம்' என்று சொல்லத்தான் முதலில் கை பரபரத்தது. ஆப் வேண்டாம். நாலு கட்டம் போட்ட நோட்டு போதும்: பிரேக் யார், முதல் கையில் எத்தனை காயின், ரெட்டை யார் போட்டு ஃபாலோ முடித்தார், போர்டு எத்தனை புள்ளிக்குப் போச்சு. யூடியூபில் கிடக்கிற ஆட்டங்களை வைத்தே ஆரம்பிக்கலாம்.

ஏன் மெனக்கெட வேண்டும்? இந்தியாவில் கேரம் ஆடி மட்டும் சோறு தின்ன முடியாது. பெரிய பேர்கள் கூட பொதுத்துறை வேலையைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். அந்த வேலைக்கு பட்டம் வேண்டும். காலிறுதி வரை பத்து வருஷம் வந்து வந்து தோற்றவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. கணக்கு இருந்தால், அவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்று சொல்ல ஒரு தாளாவது இருக்கும்.

நான் முதலில் காசிமாவின் ஆட்டங்களைத்தான் குறிக்கப் போகிறேன். கிடைக்கிற வீடியோ எல்லாவற்றையும் பார்த்து முடித்தபிறகு அவரைப் பற்றி மறுபடி எழுதுகிறேன். அந்தப் பதிவில் ஆட்டோ வராது.