ஒரு ரூபாய் ஆட்டத்தின் கணக்கு

‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்று கேட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யாரும் விழிப்பார்கள். ‘முஸ்தபா கேம்’ என்று சொல்லிப் பாருங்கள். நாற்பதைத் தொட்ட ஆண்களில் பலருக்கு முகம் மலர்ந்துவிடும். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த, கடையில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டம் அது. மார்க் ஷூல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த ‘ஸீனோஸோயிக் டேல்ஸ்’ படக்கதைதான் அதற்கு மூலம். ஜாக், ஹன்னா, மெஸ், முஸ்தபா என்று நான்கு நாயகர்கள். கதைப்படி தலைவன் ஜாக். நம் பையன்களுக்கோ மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபாதான் ஹீரோ, ஏனென்றால் நால்வரில் அவனுக்குத்தான் வேகம். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஆட்டத்தின் பெயரே அவன் பெயராகிவிட்டது.

இந்த ஆட்டம் வீட்டு வீடியோ கேம் கருவிகளுக்கு அதிகாரப்பூர்வமாக வரவேயில்லை. ஆடவேண்டுமானால் கடைக்குத்தான் போகவேண்டும். கல்லாவி போன்ற ஊர்ப் பையன்களுக்குக் கடை என்றால் பஸ் ஏறிப்போகும் ஊத்தங்கரையோ திருப்பத்தூரோ கிருஷ்ணகிரியோதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம், தியேட்டர்ப் பக்கம், ஒரு ஷட்டர் அகலத்தில் இருட்டாக ஒரு இடம். உள்ளே நாலைந்து மரப்பெட்டிகள். மாங்காய் பறிக்கப் போன கூலியில் மிச்சம் பிடித்ததும், வீட்டுக் கடுகு டப்பாவில் கைவைத்து எடுத்ததுமாகக் காசுகள் அங்கே போய்ச் சேர்ந்தன.

அந்தக் கடைகளைப் பற்றி இரண்டு பேச்சுதான் நம்மிடம் உண்டு. அன்றைய பெற்றோருக்கு அது பிள்ளையைக் கெடுத்த இடம். இன்றைய நாற்பது வயதுக்காரருக்கு அது தொலைந்துபோன சொர்க்கம். இரண்டுமே ஆட்டத்துக்குள் போய்ப் பார்க்காத பேச்சு. காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் முறை ஆட்டத்தை எப்படி வடிவமைத்தது, அதில் எது நேர்மை, எது சூது என்று பிரித்துப் பார்த்தால்தான் இன்று பிள்ளைகளின் கையில் இருக்கும் செல்போன் ஆட்டங்களையும் எடைபோட முடியும்.

உண்டியல் சொல்லிக்கொடுத்த கலை

1972-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ என்ற ஆட்டத்தைக் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் சோதனைக்கு வைத்தது. சில நாளில் பெட்டி வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. போய்த் திறந்து பார்த்தார் அதை உருவாக்கிய ஆலன் ஆல்கார்ன். மின்கோளாறு ஒன்றும் இல்லை. உண்டியல் நிரம்பி, அடுத்த காசு உள்ளே இறங்க இடமில்லாமல் இருந்தது. இந்தத் தொழிலின் பிறப்புக் கதையாக இதைத்தான் சொல்வார்கள். ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்பதற்கு விமர்சகர் தேவையில்லை, உண்டியலே சொல்லிவிடும் என்பது அன்றே நிலைத்துவிட்டது.

அதிலிருந்து ஒரு நெருக்கடியும் பிறந்தது. ஆடுபவர் சீக்கிரம் தோற்கவேண்டும், இல்லையென்றால் கடைக்கு நட்டம். ரொம்பச் சீக்கிரம் தோற்றாலோ ஏமாந்த கோபத்தில் போய்விடுவார். சில நிமிடத்தில் தோற்கடித்தும் ‘என் தப்புதான், இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்று நினைக்கவைக்கவேண்டும். ஆர்கேட் கலை என்பது இந்தக் கம்பிமேல் நடப்பதுதான்.

1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ அதை அழகாகச் செய்தது. எதிரிகளைச் சுடச்சுட மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். அன்றைய சிப்பின் பலவீனம்தான் அதற்குக் காரணம்: திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறையக் குறைய அதற்கு வேலை இலகுவாகி, எஞ்சியவை விரைந்தன. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவைத்தார். ஜெயிக்க ஜெயிக்க ஆபத்து கூடும் என்ற விதி அப்படி வந்தது. ஆட்டக்காரருக்குச் சுவை, கடைக்காரருக்கு அடுத்த காசு. இரண்டும் ஒரே விதியில் நிறைவேறின.

முஸ்தபாவின் உள்கணக்கு

முஸ்தபா கேமில் எட்டு ஸ்டேஜ். எதிரிகள் முன்னாலிருந்து மட்டும் வந்தால் தேர்ந்த கைக்குச் சிரமமே இல்லை. அதனால் ஆட்டம் இரண்டு பக்கமும் ஆள் இறக்கிச் சூழவைக்கும். சூழ்ந்துகொண்டால் தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அடிக்கிற பட்டனையும் குதிக்கிற பட்டனையும் ஒன்றாக அமுக்கினால் சுற்றியிருப்பவர் எல்லாரும் தெறித்து விழுவார்கள். ஆனால் அந்த அடி எதிரிமேல் பட்டால் நம் உயிர்க்கோட்டிலும் கொஞ்சம் கரையும். எப்போது அதைச் செலவழிப்பது, எப்போது ஒதுங்கி நின்று ஆளைப் பிரித்து அடிப்பது என்பதே ஆட்டத்தின் மொத்த சூட்சுமம். புதிதாக வருகிறவன் பயத்தில் இரண்டு பட்டனையும் அமுக்கிக்கொண்டே இருப்பான். முதல் வில்லனைப் பார்ப்பதற்குள் லைஃப் தீர்ந்துவிடும். பழகியவன் கூட்டத்தை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போவான்.

டிரம்மை உடைத்தால் உள்ளே சாப்பாடு கிடைக்கும். எடுத்தால் உயிர் ஏறும். மூன்று பேர் வரை ஒன்றாக ஆடலாம், ஆனால் ஒரு தட்டை ஒருவன்தான் எடுக்க முடியும். “டேய், எனக்கு லைஃப் கம்மிடா, விடு!” என்ற கத்தலைக் கேட்காத கடை இல்லை. முழு உயிரோடு இருப்பவன் அதை எடுத்துவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு அவனோடு யாரும் சேரமாட்டார்கள். இருப்பதை யாருக்குத் தேவையோ அவனுக்கு விடு என்ற நியாயத்தைப் பெட்டி போதிக்கவில்லை. ஒன்று குறைவாக வைத்தது. மிச்சத்தைப் பையன்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் இந்த முறையின் பெரிய பலம் தெரிகிறது. தேறத் தேறச் செலவு குறையும். முதல் வாரம் ஐந்து ரூபாயைக் கால்மணி நேரத்தில் தொலைத்தவன், ஆறு மாதத்தில் ஒரு ரூபாயோடு ஐந்தாவது ஸ்டேஜில் நிற்பான். அவன் பின்னால் காசில்லாத ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தே பாடம் கற்றுக்கொள்வார்கள். கடைக்காரருக்கு அவனைக் கண்டால் எரிச்சல்தான். ஆனாலும் அவன் ஆடுவதைப் பார்க்கத்தான் கூட்டம் சேர்கிறது என்பதால் விரட்டவும் முடியாது. விற்பவனைவிட வாங்குகிறவன் கை ஓங்கும் வணிகம் அபூர்வம். ஆர்கேட் அதை அனுமதித்தது.

விலையும் வெளிப்படை. ஒரு காயின், இத்தனை லைஃப் என்று நுழையும்போதே தெரியும். பை காலியானால் ஆட்டம் முடிந்தது. கடன் சொல்ல வழியில்லை. ஷட்டர் இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இருந்த சூது

குறைகளைச் சிறியதாகச் சொல்ல முடியாது. முதலாவது, அந்த வெளிப்படை பாதி உண்மைதான். எத்தனை லைஃப், எதிரிக்கு எவ்வளவு பலம் என்பதைக் கடைக்காரர் மாற்றிவைக்கலாம். பழைய போர்டுகளில் அதற்கு டிப் ஸ்விட்ச் என்ற சின்னச் சுவிட்சுகள். கேப்காமின் பின்னாள் போர்டுகளில் திரையிலேயே திறக்கும் செட்டிங்ஸ் பக்கம். நேற்று இரண்டாவது ஸ்டேஜ் தாண்டியவன் இன்று முதலாவதிலேயே விழுந்தால், கை தளர்ந்ததா கருவியைத் திருகினார்களா என்று அவனால் சொல்லமுடியாது.

இரண்டாவது, ‘கன்டினியூ’. லைஃப் தீர்ந்ததும் திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். பூஜ்யம் வருவதற்குள் காசு போட்டால் விழுந்த இடத்திலிருந்தே தொடரலாம். திறமையை அளக்கவேண்டிய இடத்தில் அது பையை அளக்கிறது. கடைசி ஸ்டேஜ்களின் கூட்ட நெரிசல் யாருக்காக வைக்கப்பட்டது என்பது அந்த எண்களைப் பார்த்தால் புரியும். 1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இன்னும் ஒருபடி மேலே போனது. அங்கே எதிரி பக்கத்தில் நிற்கும் பையன்தான். ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் காசு போடவேண்டும். நம் நாட்டுக்காரன் என்று தால்சிமை எடுத்து, கையை நீட்டி அடித்தே தோற்றவர்கள் அந்த உண்டியலை நிரப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது, பெண்பிள்ளைகள் அங்கே காலெடுத்து வைக்க முடியவில்லை. டோரு இவாடனி 1980-இல் ‘பேக்மேன்’ ஆட்டத்தை உருவாக்கியதே பெண்களும் ஜோடிகளும் ஆர்கேடுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான். நம்மூருக்குப் பெட்டி வந்தது, அந்த எண்ணம் வரவில்லை. பீடிப் புகையும் கெட்ட வார்த்தையுமாக இருந்த இடத்தில் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இந்தக் கலை அறிமுகமே ஆகவில்லை. இன்று நினைவுகளை எழுதுபவர்கள் எல்லாரும் ஆண்களாக இருப்பது தற்செயல் அல்ல.

நான்காவது, பக்கத்துப் பெட்டி. விளையாட்டுப் பெட்டி என்ற பெயரில் போக்கர், பிளாக்ஜாக் வகைச் சூதாட்டப் பெட்டிகளும் புகுந்தன. எல்லைக்கு அந்தப்பக்கம் பெங்களூரில் போலீஸ் உரிமம் கேட்டது; பார்லர்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1995 ஏப்ரலில் சிவானி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வீடியோ கேம்களில் திறமை ஆட்டமும் உண்டு, அதிர்ஷ்ட ஆட்டமும் உண்டு, யாருமே ஜெயிக்காதபடி கருவியைத் திருகவும் முடியும், ஆகவே உரிமம் வாங்கச் சொல்வது தொழில் உரிமைக்கு எதிரானது அல்ல. பெற்றோரின் பயத்தில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் முஸ்தபாவையும் போக்கர் பெட்டியையும் ஒரே கூரையின் கீழ் பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டார்கள்.

5 என்ற பட்டன்

1997-இல் ‘மேம்’ என்ற மென்பொருள் வந்தது. பழைய ஆர்கேட் போர்டுகளைக் கணினியில் அப்படியே ஓடவைக்கும் இந்த முயற்சியை இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கினார். சில ஆண்டுகளில் முஸ்தபா சிடி சமாச்சாரமாகி, பிரவுசிங் சென்டர்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஓடியது. அதில் காசு போடுவதற்குக் கீபோர்டில் 5 என்ற பட்டன். எத்தனை முறை அமுக்கினாலும் காசு ஏறும்.

ஆசை தீர 5-ஐ அமுக்கிவிட்டு ஆடியவர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எட்டு ஸ்டேஜையும் முடித்தார்கள். பிறகு அதைத் தொடவே இல்லை. பயமில்லாத இடத்தில் அந்த இரட்டைப் பட்டன் அடிக்கு அர்த்தமில்லை. சாப்பாட்டுத் தட்டுக்குச் சண்டையில்லை. ஒதுங்கி நின்று யோசிக்க அவசியமில்லை. காசு என்பது ஆட்டத்துக்கு வெளியே வாங்கும் நுழைவுச்சீட்டு என்று நாம் நினைத்திருந்தோம். அது ஆட்டத்தின் விதிகளில் ஒன்றாகவே இருந்திருக்கிறது. உப்பை எடுத்துவிட்டுக் குழம்பைப் பரிமாறியதுபோல் ஆயிற்று. ஆகவே காசுமுறையைக் கழித்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பாராட்டுவதும் சரியல்ல, ஆட்டத்தை மறந்துவிட்டுக் காசை மட்டும் திட்டுவதும் சரியல்ல.

கண்ணுக்குத் தெரியாத உண்டியல்

இன்று கல்லாவி வழியாகப் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் போகும் பிள்ளைகள் பஸ்ஸில் தலை குனிந்து ஆடுகிறார்கள். ஆட்டம் இலவசம். ஆட்டத்துக்குள் காசாகச் செலவாகும் டைமண்டுக்கு மட்டும்தான் விலை. ரூபாயை டைமண்டாக மாற்றிய பிறகு, ஒரு சட்டைக்கோ துப்பாக்கி ‘ஸ்கின்’னுக்கோ எவ்வளவு கொடுத்தோம் என்று மனக்கணக்குப் போட முடிவதில்லை. பை காலியானாலும் அம்மாவின் ஜிபே இருக்கிறது. ஷட்டர் இறங்கும் நேரமும் இல்லை. பழைய கடையில் தேறியவன் செலவு குறைந்தது; இங்கே ஆட்டத்தில் ஆழ இறங்கியவனே அதிகம் செலவழிக்கிறான்.

சட்டம் 2025 வரை ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்தது: திறமையா, அதிர்ஷ்டமா? 1995 தீர்ப்பிலும் அதுதான். ரம்மி, போக்கரை முன்வைத்துத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின்மீது 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் அதுதான். இரண்டும் திறமை ஆட்டம் என்று சொல்லி நீதிமன்றம் அவற்றுக்கான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டு, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இணைய ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடுத்தது. டைமண்ட் வாங்கும் பிள்ளை பணம் ஜெயிக்கப் போவதில்லை. எனவே அந்தச் சட்டம் அவனைத் தொடவில்லை.

முஸ்தபா பெட்டி நமக்கு வேறொரு கேள்வியைத் தருகிறது: நன்றாக ஆடக் கற்றுக்கொண்டால் செலவு குறைகிறதா, கூடுகிறதா? குறைந்தால் அது விளையாட்டை விற்கிறது. கூடினால் ஆடுபவனை விற்கிறது. இந்த அளவுகோலில் ‘கன்டினியூ’வும் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் தோற்றவன் காசும் பாதி மதிப்பெண்தான் வாங்கும், போக்கர் பெட்டி தோற்றுவிடும், முஸ்தபாவின் ஒரு ரூபாய், தேறுவதற்குள் ஏழைப் பையன் இழந்ததைக் கழித்த பிறகும், தேறிவிடும். பிள்ளையின் கையிலிருக்கும் போனைப் பிடுங்கும் முன் அவனிடம் இதைக் கேட்கலாம்: போன வருஷத்தைவிட இப்போது நன்றாக ஆடுகிறாய், சரி; செலவு குறைந்திருக்கிறதா? அந்தக் கணக்கை அவனால் சொல்ல முடியாவிட்டால், கடை இருட்டாக இருந்த காலத்தைவிட இப்போதுதான் பெற்றோர் அதிகம் பயப்படவேண்டும்.