கொஞ்சம் ஆபேரி வாசிச்சுக்கலாமா?

சென்ற மாதம் பூம்புகார் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மேடைக்கு இடதுபுறம், ஏர்கூலருக்கும் தாம்பூலப் பை அடுக்கிய மேஜைக்கும் நடுவே இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு சுருதிப் பெட்டி. பெரியவர் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். என்னைச் சேர்த்து ஒன்று.

(நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்று சண்டை போடுகிறவர்கள் மன்னிக்கவும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்கு அது நாயனம்தான்.)

பெரிய ரசிகன் என்ற மிதப்பில் அருகே போய், ‘சிங்காரவேலனே தேவா வாசிப்பீங்களா?’ என்று கேட்டுவைத்தேன். அவர் மரியாதையாகவே சொன்னார்: ‘வாசிச்சுடலாம் சார். அதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆபேரி வாசிச்சுக்கலாமா?’

வாழ்நாளெல்லாம் ராகம் வாசித்த மனிதர், பி.காம். படித்த ஒருத்தனிடம் ராகத்துக்கு அனுமதி கேட்கிறார். தலையாட்டினேன். இரண்டு நிமிடம் வாசித்திருப்பார். பெண் வீட்டுக்காரர் ஓடிவந்தார். ‘அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, மைக்ல டிபன் அறிவிப்பு சொல்லணும்.’

அன்று சாயங்காலம் பூம்புகார் கடற்கரையில் கருங்கல் மேல் உட்கார்ந்து, ஒருவிதப் பரிகாரமாக, செல்போனில் ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டேன். தோடி.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கிராப்பு வைத்துக்கொண்டது, ஷெர்வானி போட்டது, 1940-ல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாக நடித்தது, கோபம், தாராளம்... யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். அவற்றையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய ஒலிப்பதிவைக் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான் ஓடும். ஊசி உராயும் சத்தம் வேறு. கோயில் வீதியில் மணிக்கணக்காக வாசிக்கிறவரை அதற்குள் அடைப்பது, தேரைக் கொண்டுவந்து வீட்டுத் திண்ணையில் நிறுத்துகிற வேலை. இருந்தும் அது அவர்தான் என்று முதல் மூச்சிலேயே தெரிந்துவிடுகிறது.

எப்படி? என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் அசையாமல் நிற்கக் கூடாது. நின்றால் தோடி போய்விடும். வீணைக்காரர் தந்தியை இழுத்து அந்த அசைவைக் கொண்டுவருவார். நாயனத்தில் இழுப்பதற்கு என்ன இருக்கிறது? விரல் வைக்க ஏழு துளை. நுனியில் நாணலில் செய்த ஒரு சின்னச் சீவாளி. மற்றதெல்லாம் உதட்டின் பிடியும் மூச்சின் அழுத்தமும், பாதி மூடிப் பாதி திறக்கும் விரலும்தான். அதை வைத்துக்கொண்டு குரலில் பாடுகிற மாதிரி காந்தாரத்தை ஆட்டுகிறார் மனிதர்.

அவர் பிருகாக்களைச் சரம் சரமாக விடும்போது ‘ஆஹா’ போடுகிறோம். போடுங்கள், தப்பில்லை. ஆனால், அவர் நிறுத்தும் இடங்களையும் கவனியுங்கள். மூச்சு தீர்ந்துபோய் நிறுத்துகிறவர்களின் கடைசி ஸ்வரம் லேசாகத் தொய்யும். இவருடையது தொய்வதில்லை. இன்னும் மூச்சு மிச்சமிருக்கும்போதே நிறுத்துகிறார். கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

இதில் ஓர் ஆசாரிக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் திமிரி நாயனம்தான். குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும், தெருக்கோடிவரை கேட்கும். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த பாரி நாயனம் நீளமானது. சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசியது. வீதிக்கென்று இருந்த வாத்தியத்தை உட்கார்ந்து கேட்க முடிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆச்சா மரத்தில் செய்யும் அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தி வந்த அன்று எல்லோரும் பெருமைப்பட்டோம். மறுநாள் வழக்கம்போல செண்டை மேளம் புக் செய்யப் போய்விட்டோம்.

சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வேறு ரகம். திருநெல்வேலிச் சீமைக்காரர். குருவின் வாசிப்பு நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும். இவருடையது சாய்ந்து உட்கார வைக்கும். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டி போட்டது ஊரறிந்த விஷயம். குரல் எது, குழல் எது என்று ஒரு கணம் குழம்புகிற இடங்கள் உண்டு. நான் கேட்ட பாட்டும் அதுதான். ஆனால், அந்தப் பாட்டோடு காருகுறிச்சியை முடித்துக்கொள்வது, இலையில் பாயசத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பது மாதிரி. அவருடைய ராக ஆலாபனைப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு மழைநாளில் உட்கார்ந்து கேளுங்கள்.

சினிமா நமக்கு நாயனத்தைக் கொடுத்தது. கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்றதும் சிவாஜியின் உப்பிய கன்னம்தானே நினைவுக்கு வருகிறது? அப்படத்துக்கு வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் நடிப்பில் குறை சொல்ல நான் யார்? ஆனால், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். வேறு படம்.

வெள்ளைக்காரர்கள் இந்த விஷயத்தில் சமர்த்தர்கள். சிகாகோ சிம்பொனியில் அடால்ஃப் ஹெர்சத் என்று ஒரு டிரம்பெட்காரர். 1948 முதல் 2001 வரை, 53 வருடம் அதே குழு. முஸோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதியதை ரவெல் 1922-ல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ தனி டிரம்பெட்டில்தான் தொடங்கும். துணைக்கு ஒரு வயலின்கூடக் கிடையாது. 1957-ல் ரெய்னர் நடத்திப் பதிவான தட்டில் ஹெர்சத் அதை எடுக்கும் விதத்தைக் கேட்டால் தெரியும். அங்கே சீவாளி இல்லை, உதடேதான் சீவாளி. மற்றபடி நம்மாள் படுகிற அதே பாடு. பிசகினால் ஒளிய இடமில்லை. அந்தச் சில நொடிகளைப் பற்றி அங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

நமக்கு? பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில்தான் செம்பனார்கோயில். ரக்தி மேளத்துக்குப் பேர்போன ராமசாமி பிள்ளை பரம்பரையின் ஊர். இந்தப் பக்கம் திருவெண்காடு, சுப்பிரமணிய பிள்ளையின் ஊர். பஸ்ஸில் இந்தப் பெயர்ப் பலகைகளைக் கடக்கும்போது எத்தனை பேருக்கு நாயனம் ஞாபகம் வருகிறது? இதே பூம்புகாரில் மாதவியை அரங்கேற்றிய இளங்கோ, குழலாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று விலாவாரியாக எழுதினார். கேட்கிறவனை நம்பி விட்டுவிட்டார் போலிருக்கிறது.

கல்யாணத்தில் பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் முழங்கியது. தும்மலோ, அபசகுனப் பேச்சோ காதில் விழக் கூடாது என்பதற்காக வாசிப்பது அது. இன்னொரு சத்தத்தை அமுக்குவதற்குத்தான் அந்த மண்டபத்தில் அத்தனை பேரும் நாயனத்தைத் தேடினார்கள்.

பந்தி முடிந்து கொல்லைப்பக்கம் போனேன். பெரியவர் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

‘ஐயா, காலையில அந்த ஆபேரி பாதியில நின்னுடுச்சு.’

‘ஆமாம் சார்.’

‘முடிக்கலாமா?’

ஒரு கணம் பார்த்தார். ‘சீவாளி காஞ்சுபோச்சே’ என்றபடி அதை வாயில் வைத்து நனைத்தார். அண்டா கழுவும் சத்தத்துக்கு நடுவே, தவில் இல்லாமல், பத்து நிமிடம் வாசித்தார். பாட்டுக்கு வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. மூன்றரை மணி சீர்காழி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தவில்காரர் வந்து கூப்பிட்டார்.