எழுதியது யார்?

திருப்பாவையின் 30 பாட்டும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரமும் ஆண்டாள் பாடியவை என்பதில் ஸ்ரீரங்கத்து ஜனங்களுக்குச் சந்தேகம் கிடையாது. மார்கழி விடியற்காலையில் உத்தர வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவரிடம் போய்க் கேட்டால், "இதென்ன கேள்வி?" என்று நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். சந்தேகம் வந்தது படித்தவர்களுக்குத்தான். ஆண்டாள் என்று ஒரு பெண் இருந்ததே இல்லை, பெரியாழ்வாரே பெண்ணின் வாய்மொழியாகப் பாடியிருக்கிறார் என்று சென்ற நூற்றாண்டில் எழுதியவர்களில் ராஜாஜியும் ஒருவர். அவருடைய காரணங்கள் எப்படியிருந்தாலும் இருக்கட்டும். கேள்வி எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பெரியாழ்வார் பாசுரங்களை அவர் மகள் பாடியிருக்கலாமோ என்று யாராவது ஆராய்ச்சி செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதே ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் (1935-2008) கதை எழுத வந்தபோது ஒரு சின்னச் சங்கடம் ஏற்பட்டது. குமுதத்தில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு 'சுஜாதா' ஆனார். பெண்தான் எழுதுகிறாள் என்று ஆரம்பத்தில் நம்பிய வாசகர்களும் உண்டு. உண்மை தெரிந்ததும் அவரை யாரும் கூண்டில் ஏற்றி விசாரிக்கவில்லை. பெயரில் என்ன இருக்கிறது, எழுத்து நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்கள்; ரசித்தார்கள். நியாயமான தீர்ப்பு. அந்த நியாயம் பெண்களுக்கும் கிடைத்ததா என்பதே என் கேள்வி.

திருச்சியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. பள்ளி ஆசிரியை ஒருவருடைய முதல் நாவலைப் பற்றிப் பேசினோம். கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது ஒரு பெரியவர் மிகவும் பிரியமாக, "உங்க வீட்டுக்காரர் திருத்திக் கொடுத்தாராம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "அவருக்குக் கதை படிக்கிற வழக்கமே இல்லை ஸார்" என்றார். என் நாவல்களின் கையெழுத்துப் பிரதியில் ஒற்றுப் பிழை பார்ப்பது என் மனைவி. சில இடங்களில் ஒரு பாராவையே அடித்துவிடுவதும் உண்டு. ஆனாலும் இத்தனை வருஷங்களில் ஒருவராவது என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இப்படி ஒரு கேள்வி எங்கேயோ காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து எழுதுகிறவளின் எழுத்து என்ன ஆகும்? திருச்சிச் சீமை இதற்கு மூன்று விதமான விடைகளைத் தந்திருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் குடும்பம் நடத்திக்கொண்டே எழுதியவர் ரங்கநாயகி தாத்தம். 'குமுதினி' என்பது புனைபெயர். தம் கட்டுரைத் தொகுதி ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்'. கம்பெனிப் பலகை மாதிரி ஒரு தலைப்பு! பெண்பிள்ளை எழுதினால் சில்லறை விஷயம்தானே என்று பிறர் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுகிறார். கூடவே 'லிமிடெட்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, அடுக்களையை நடத்துவதும் ஒரு நிர்வாகம்தான் ஐயா என்று குத்தியும் காட்டிவிடுகிறார். நகைச்சுவைதான் அவருக்குக் கவசம்.

இரண்டாவது லக்ஷ்மி (1921-1987). திருச்சி ஜில்லாவில் பிறந்த திரிபுரசுந்தரி. வைத்தியப் படிப்பு பணமில்லாமல் நின்றுபோகும் நிலை வந்தபோது, ஆனந்த விகடனில் கதை எழுதிக் கிடைத்த சன்மானத்தைக் கொண்டே படிப்பைத் தொடர்ந்து டாக்டரானார். 1984-ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாடமிப் பரிசு பெற்றார். எழுத்தால் ஒரு தொழிலைச் சம்பாதித்துக்கொண்டவர் என்று அவரைச் சொல்ல வேண்டும். ஆனால் அவரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. கூடத்தில் மாமியாரும் மருமகளும் பேசுவதை அத்தனை துல்லியமாக எழுதிய கை, ஆஸ்பத்திரி வார்டின் இரவு ட்யூட்டியை, பெண் டாக்டரைத் தாண்டி ஆண் டாக்டரைத் தேடும் நோயாளியின் கண்ணை, இன்னும் நிறைய எழுதியிருக்கக் கூடாதா? குடும்பக் கதை கேட்டவர்கள் வாசகர்களாகிய நாம். சம்பளம் கொடுக்கும் பத்திரிகை நம் ருசியைப் பார்த்துத்தானே கதை கேட்கும்!

மூன்றாவது ராஜம் கிருஷ்ணன் (1925-2014), முசிறிக்காரர். 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்காகச் சாகித்திய அகாடமிப் பரிசு பெற்றார். தமிழில் அதைப் பெற்ற முதல் பெண். நீலகிரி படகர்களைப் பற்றி 'குறிஞ்சித் தேன்', மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' என்று, எழுத எடுத்துக்கொண்ட ஜனங்களிடமே நேரில் போய்ப் பழகி எழுதினார். விமரிசகர்கள் அவரிடம் கண்ட குறை, தகவல் அதிகம், கலை குறைவு என்பது. சில அத்தியாயங்களில் செய்தி கதையை அமுக்கிவிடுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு உலகம் என்ன தெரியும் என்று கேட்கிற சபையில், சாட்சியம் கொஞ்சம் கூடுதலாகத்தான் சேர்ந்துவிடும்.

'கரிப்பு மணிக'ளின் பொன்னாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு நீர் காலை அரிக்கிறது, வெள்ளைப் பாத்தியின் வெயில் கண்ணைக் கெடுக்கிறது, அதோடு வேலை கொடுக்கிற ஆணின் பார்வைக்கும் கைக்கும் தப்ப வேண்டியிருக்கிறது. இந்தத் தொல்லைகளை ராஜம் கிருஷ்ணன் தனித்தனியாகப் பிரித்து வைக்கவில்லை. அதுதான் அந்த நாவலின் பலம். வேலையை நாம் கண்ணால் பார்த்துவிடுவதால், அவமானம் அந்த வேலைக்குள்ளேயே எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

நம்முடைய ஆபீஸ் கதைகளில் இது அபூர்வம். கதாநாயகி டைப் அடிப்பாள், பாங்க்கில் இருப்பாள், கல்லூரியில் பாடம் சொல்லுவாள். ஆனால் கதை கேட்பது அவள் யாரைக் காதலிக்கிறாள், வீட்டுக்கு எப்போது திரும்புகிறாள் என்பதைத்தான். சர்க்காரும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டது. 1951-ல் சென்னை ராஜ்யத்தில் பணியேற்ற அன்னா ராஜம் ஜார்ஜ், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று அவருடைய நியமன உத்தரவிலேயே எழுதியிருந்தது. அந்த விதி பிற்பாடு மாறியது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையை விசாரிக்க, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கமிட்டி வேண்டும் என்று 2013-ல் சட்டமும் வந்தது. நீளும் கையைச் சட்டம் பிடிக்கும். "உங்க வீட்டுக்காரர் திருத்திக் கொடுத்தாரா?" என்ற கேள்வியை எந்தச் சட்டம் பிடிக்கும்?

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு உத்தியோகத்துக்குப் போகும் ஒரு பாங்க் அதிகாரி எனக்குத் தெரிந்தவர். கண்டிப்பாக இருந்தால் 'ஆம்பிளை மாதிரி' என்கிறார்கள், சிரித்துப் பேசினால் 'குழைகிறாள்' என்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார். "ரெண்டும் இல்லாம ஒரு முகத்தைக் காலையிலே மாட்டிண்டு போறேன். சாயங்காலம் காவேரிப் பாலம் தாண்டினப்புறம்தான் கழட்டறது" என்றார். வேலையில் களைப்பில்லை, அந்த முகத்தைச் சுமப்பதில்தான் களைப்பு.

தமிழ் நாவல் இந்த அம்மாளுடைய மேஜைக்குப் பக்கத்தில் இன்னும் சரியாக உட்காரவில்லை என்பது என் அபிப்பிராயம். அவர் கடன் மனுவை எப்படிப் படிக்கிறார், எதை மறுக்கிறார், மறுத்த மனு எப்படி அவர் தலைக்கு மேலே போய் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் கதைதான். அதை ஆண் எழுதினாலும் சரி, பெண் எழுதினாலும் சரி. எழுதி வரும்போது விமரிசகர்கள் எழுதியது யார் என்று முதலில் கேட்காமல், எழுத்து எப்படி என்று கேட்க வேண்டும். சுஜாதாவுக்கு அதைத்தானே செய்தோம்?