வழி காட்டியவரின் பெயர்: போர், எல்லைப்புறம், காடு பற்றிய நூல்கள்

நீலகிரியில் குன்னூரை அடுத்துள்ள ஜெகதளா என்னும் படகர் ஊரின் பெயரே, அதனருகே 1852இல் கட்டத் தொடங்கப்பட்ட படைவீரர் குடியிருப்புக்கும் முதலில் வழங்கியது. ஆங்கிலேயர் ஏடுகளில் ‘ஜக்கதலா’ என்று பதிவான அந்தப் பாசறைதான் 1860இல் வெலிங்டன் எனப் பெயர் மாறியது. இன்று மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையமும் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் அங்கேயே உள்ளன. பக்கத்து அருவங்காட்டில், கார்டைட் எனப்படும் புகை குறைந்த வெடிமருந்தைச் செய்வதற்கென்று தொடங்கிய தொழிற்சாலை இருக்கிறது. ஊரைச் சுற்றித் தேயிலைச் சரிவுகள். தொட்டபெட்டாவைக் கடந்து வடக்கே இறங்கினால் சீகூர்க் காடு. போர், எல்லைப்புற வாழ்க்கை, காட்டுப் பயணம் ஆகிய மூன்றையும் பற்றிய நூல்களை ஒருசேர வைத்து எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. எல்லைப்புறம் என்று இங்கே சொல்லப்படுவது நாட்டின் எல்லைக்கோடு அன்று; உழவும் தோட்டமும் காட்டை நோக்கி நகரும் விளிம்பும், அந்த விளிம்பில் வாழும் மக்களின் நிலையுமே ஆகும்.

இவ்வகை நூல்களில் பெரும்பாலானவை துப்பாக்கி ஏந்தியவரால் எழுதப்பட்டவை. அவருக்கு முன்னே நடந்து தடம் பார்த்தவர், சுமை தூக்கியவர், பரண் கட்டியவர் ஆகியோர் அந்நூல்களில் எந்த அளவுக்கு மனிதராக இடம்பெறுகிறார்கள் என்பதே, சிறந்த நூலை வெறும் வீரக்கதையிலிருந்து பிரித்துக் காட்டும் அளவுகோல்.

இந்த அளவுகோலுக்குமுன் நீலகிரி பற்றிய பழைய ஆங்கில நூல்கள் பல நிற்பதில்லை. சிந்துவில் பணியாற்றிய ரிச்சர்ட் பர்ட்டன், நோய் விடுப்பில் 1847இல் உதகைக்கு வந்து தங்கிய அனுபவத்தை ‘கோவாவும் நீலமலைகளும்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1851இல் வெளியிட்டார். கூர்மையான நடைக்காக அந்நூலைப் படிக்கலாம். மலைமக்கள் அதில் வேடிக்கைப் பொருளாகவே வந்து போகிறார்கள். தளபதி டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைப் பதிவுகள் (1892) மலைகளின் அமைப்பையும் விலங்குகளையும் ஊன்றிக் கவனித்தவை என்றாலும், அவற்றின் மையம் வீழ்த்திய விலங்குகளே. 1879இலேயே நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இப்பதிவுகளைப் படிப்பவருக்கு, ஒரு காடு எவ்வாறு வெறுமையாக்கப்பட்டது என்பதற்கான சான்றாகவே அவை பயன்படும்.

கென்னத் ஆண்டர்சனின் எழுத்து வேறு வகையைச் சேர்ந்தது. பெங்களூரில் வாழ்ந்து 1974இல் மறைந்த இவருடைய முதல் நூலான ‘ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதயானையும்’ (1954) சீகூர்ப் புலி ஒன்றின் கதையையும் கொண்டிருக்கிறது. ஆனால் அந்நூலில் உயர்ந்து நிற்பது சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்னும் பூசாரியைப் பற்றிய பகுதி. பூசாரி என்பது இங்கே கோயில் பணியைக் குறிக்காமல், அக்காட்டில் வாழும் ஒரு குடியைக் குறிக்கிறது. தனக்குக் காட்டைக் கற்றுத் தந்தவர் பைராவே என்ற நன்றியோடு ஆண்டர்சன் அவரை எழுதுகிறார். சாகசக் கதைகளில் இயல்பாகவே தலைதூக்கும் மிகை இவரிடமும் உண்டு என்ற போதிலும், அந்த நன்றி அவருடைய நூல்களை இன்றும் வாழ வைக்கிறது. ஜிம் கார்பெட்டையும் இந்த வரிசையில் வைக்கலாம். 1944இல் வந்த அவருடைய முதல் பெரும் நூலைத் தி.ஜ.ர. ‘குமாயுன் புலிகள்’ என்று தெளிந்த தமிழில் தந்திருக்கிறார். இருப்பினும் புலியோ வேட்டையோ நடுவில் இல்லாத ‘எனது இந்தியா’வில்தான் (தமிழில் யுவன் சந்திரசேகர்) கார்பெட் தம்மைச் சுற்றியிருந்த ஏழை மக்களை முழுமையாக எழுதினார்.

துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களின் நூல்களில் முதலில் பரிந்துரைக்கத் தக்கது இ.ஆர்.சி. தாவிதாரின் ‘சீத்தல் வாக்’ (1997). குன்னூர் வழக்கறிஞரான தாவிதார், வேட்டையில் தொடங்கி வரையாட்டுக் கணக்கெடுப்புக்கும் யானைகளின் வழித்தட ஆய்வுக்கும் வந்து சேர்ந்தவர். சீகூர்க் காட்டில் தாம் கட்டிய சிறு வீட்டின் பெயரையே நூலுக்கு இட்டார். யானை முற்றத்துக்கு வருவதை அன்றாட நிகழ்வாக எழுதும் அமைதி அந்நூலின் பலம். அது தமிழுக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டிய நூல். தமிழிலேயே எழுதப்பட்ட காட்டுயிர்க் கட்டுரைகளுக்கு மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’, அதைத் தொகுத்த சு. தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ ஆகிய இரண்டும் போதிய நுழைவாயில்கள். வேட்டைக்கதையை அடியோடு புரட்டிப் போட்டது ஜெயமோகனின் ‘ஊமைச்செந்நாய்’. வெள்ளைத் துரையோடு காட்டுக்குள் செல்லும் ஏவலாளே அந்த நெடுங்கதையைச் சொல்வதால், நூற்றாண்டுக் காலமாகப் பேசாதிருந்த வழிகாட்டி அதில் பேசத் தொடங்குகிறார்; அந்தக் குரலைக் கேட்டபின் ஹாமில்டனை முன்போல வாசிக்க இயலாது.

எல்லைப்புற வாழ்க்கைக்கு ஜெகதளாவின் வாசகர் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963), ஹட்டி எனப்படும் படகர் ஊரின் வாழ்வு எருமையையும் சிறுதானியத்தையும் விட்டுத் தேயிலைக்கும் பணத்துக்கும் மாறியதைத் தலைமுறைகளின் வழியே சொல்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவரின் கண்ணால் எழுதப்பட்டதாயினும், பழமையைப் போற்றிப் புலம்பாமலும் மாற்றத்தைக் கண்டு மயங்காமலும் அது நடுநிலை காக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களில் காடு அழிந்து தேயிலை ஏறியபோது கூலிகள் கண்ட துன்பத்தை, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார்; இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) சத்தியமங்கலம் பகுதியில் வீரப்பன் தேடுதலின்போது இரு மாநிலக் காவல் படைகளுக்கு நடுவே சிக்கிய சோளகர் குடியைப் பற்றியது. எல்லைப்புற வாழ்க்கையும் போரும் ஒரே ஊரின்மேல் இறங்கும்போது என்ன நேரும் என்பதை அதைவிட நேராகச் சொன்ன தமிழ் நாவல் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

போர் நூல்களை எழுதியவர்களில் நீலகிரியோடு நேரடித் தொடர்புடையவர் லெப்டினன்ட் கர்னல் ஃபிதியன் ஆடம்ஸ். நீலகிரி வேட்டைக் கழகத்தின் பணிகளிலும் ஈடுபட்ட இவர், சென்னைப் படைவீரரின் இருநூறாண்டு வரலாற்றை எழுதினார். எந்தப் படைப்பிரிவு எங்கே போரிட்டது என்பதை அறிய அது உதவும். சாதாரணச் சிப்பாயின் மனத்தை அறிய விரும்புபவருக்கோ ரெஜிமென்ட் வரலாறுகள் குறைவாகவே தருகின்றன; அந்த இடத்தைத் தமிழில் நாவல்களே நிரப்பின. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இரண்டாம் உலகப் போர்க்காலத்து மெடானையும் பினாங்கையும் இந்திய தேசிய ராணுவத்தையும் களமாகக் கொண்டது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, ஜப்பானியர் அமைத்த ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளரைப் பற்றியது. முன்னதில் மொழியின் வீச்சும் பின்னதில் சாட்சியத்தின் எளிமையும் மேலோங்குகின்றன.

ஈழப்போர் இந்த நிலையை முற்றிலும் மாற்றியது. களத்தில் நின்றவர்களே எழுதினார்கள். குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ போராளிப் பயிற்சி முகாமின் உடல்வலியையும் தோழமையையும் சொல்ல, தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ இறுதி மாதங்களில் இடம்பெயர்ந்து ஓடிய மக்களோடு நடக்கிறது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைமை வகித்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, அவர் மறைந்தபின் 2016இல் வெளிவந்து கடும் விவாதத்தை எழுப்பியது. இவற்றை உடன்பட்டோ மறுத்தோ படிக்கலாம். படிக்காமல் தமிழில் போர் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது பொருளற்றது.

இவ்வரிசையில் நீலகிரி வாசகருக்கு மிக நெருக்கமானது சயந்தனின் ‘ஆதிரை’ (2015). இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்செயலுக்கு அஞ்சி வன்னிக்குப் பெயர்ந்து, காட்டை வெட்டிக் குடியேறி, பின் போரில் சிக்கிக்கொண்ட மக்கள் அந்த நாவலில் வருகிறார்கள். அதே மலையகத்திலிருந்து 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்று கொழுந்து பறிப்போரில் பலர் அக்குடும்பங்களின் வழிவந்தவர்கள்.