இசைவுக்குப் பின்: அகமணமும் கணேசானந்தனின் 'லவ் மேரேஜ்' நாவலும்

ஈழத்தமிழரின் அகமணம் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவில் நின்றுவிடுகிறது: மணமகள் விரும்பி இசைந்தாளா, இசைவிக்கப்பட்டாளா? இவ்வினா தேவையானது, ஆயினும் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வி. வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'லவ் மேரேஜ்' (2008) நாவலின் கதைசொல்லி யாழினி, 1983 ஜூலையில் அமெரிக்காவில் பிறந்தவள். அவளுடைய பெற்றோர் முரளியும் வாணியும் நியூயார்க்கில் சந்தித்துத் தாமே ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். இருவரும் இலங்கைத் தமிழர். எனவே சுயதெரிவும் அகமணமும் எதிரெதிரானவை அல்ல என்பதை நாவல் தொடக்கத்திலேயே நிறுவுகிறது. காதல் மணத்துக்கும் பேச்சு மணத்துக்கும் இடையே பல படிநிலைகளைக் காட்டியது அதன் தனிச்சிறப்பு.

எனினும் அப்படிநிலைகள் யாவும் மணம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையே அளக்கின்றன. போராளியாயிருந்த மாமன் குமரன் நோயுற்று ரொறன்ரோ வருகிறான். அவன் மகள் ஜனனிக்கு அங்கே மணம் பேசப்படுகிறது. நாவலில் அகமணத்தை நேரே எதிர்கொள்பவள் அவளே. ஆனால் அவள் மனம் யாழினியின் பார்வை வழியாகவே நமக்குக் கிட்டுகிறது. மணத்தின் பின் ஜனனிக்கு என்ன எஞ்சும்?

இவ்வினாவை லவாலிலிருந்து எழுப்பினால் அதன் கனம் தெளிவாகும். மொன்றியலின் வடக்கே தனித்தீவாக அமைந்த இந்நகரில் வாழும் தமிழ்ப்பெண் கியூபெக்கின் குடியியல் சட்டத்துக்கு உட்பட்டவள். அங்கே 1981 முதல் மணந்த பெண் தன் பிறப்புப் பெயரையே சட்டப்படி தொடர்கிறாள். ஆகவே அரச ஆவணத்தில் தந்தையின் பெயரோடும், ஊர் அழைப்பிதழில் கணவன் பெயரோடும் அவள் அறியப்படுகிறாள்.

சொத்திலும் இவ்விருமை உண்டு. தேசவழமைப்படி சீதனக் காணி மனைவிக்கே உரியது. ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, அதனை விற்கக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். கியூபெக்கிலோ 1989 முதல் குடும்ப வீட்டின் பெறுமதி மணமுறிவின்போது இருவருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் மணந்து லவாலுக்கு வந்தவள் இவ்விரு ஒழுங்குகளுக்கும் இடையே வாழ்கிறாள்.

கணவன் அனுசரணையாளனாகவும் அமையும்போது இசைவின் பொருளே மாறுகிறது. 2012 அக்டோபர் முதல் 2017 ஏப்ரல் வரை, உறவு ஈராண்டுக்கு மேற்படாத, பிள்ளையற்ற துணைவியரின் நிரந்தர வதிவுரிமை, ஈராண்டு இணைந்து வாழும் நிபந்தனைக்கு உட்பட்டிருந்தது. வன்முறைக்கு உள்ளானோருக்கு விலக்கு இருந்தது. ஆனால் அதனைக் கோர, நிகழ்ந்ததை அவள் அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். தெரிந்த குடும்பம், தெரிந்த ஊர் என்ற அகமணத்தின் பாதுகாப்பே அவள் வாயைக் கட்டவும் கூடும்.

மொழியும் அவ்வாறே. 1977ஆம் ஆண்டு மொழிச் சாசனத்தின் பின் குடியேறியோர் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே பயில்கின்றனர். லவாலில் வளர்ந்தவள் ரொறன்ரோவுக்கு மணமாகிச் சென்றால், தமிழ் வீட்டிலிருந்து தமிழ் வீட்டுக்கே செல்கிறாள். ஆனால் தொழிலுக்குப் பயின்ற பிரெஞ்சின் பயன் அங்கே குன்றுகிறது.

எனவே அகமணம் பேசும் புனைவை மதிப்பிடுகையில், பெண்ணின் பெயர், காணி, வதிவுரிமை, மொழி ஆகியன மணத்தின் பின் யார் கையில் உள்ளன என்பதையும் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். அவ்வளவுகோலால் நோக்கின், 'லவ் மேரேஜ்' யாழினிக்குத் தந்த குரலை ஜனனிக்குத் தரவில்லை. அக்குரலை எழுதுவது இனிவரும் புலம்பெயர் புனைவின் பணியாகும்.